ஒரு கார்டு குறைகிறது

போன வாரம் பூதக்கண்ணாடியின் வாயை யாராலும் அடைக்க முடியாத கட்டத்தில் கதையை விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அது அடைபட்டபாடில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. பூதக்கண்ணாடி, பளிச் முதலாளியின் ஒரே மருமகள். பிஸ்கட் பாக்கெட் வாங்கினால்கூட அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுசாகப் படித்த பிறகுதான் பிரிப்பாள் என்பதால் தெருவில் அந்தப் பெயர். பளிச் என்பது மாமனார் நடத்தும் துப்புரவுக் கம்பெனி. ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று ஆள் அனுப்பித் தரையைத் துடைத்துக் கொடுக்கிற தொழில். வேன் ஓட்டுவது மகன், அதாவது பூதக்கண்ணாடியின் வீட்டுக்காரர். மாமியார் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அவரும் இருந்திருந்தால் இந்த வாரத்துக்குப் பக்கம் போதாது.

வினை வந்தது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. "உங்களிடம் வேலை செய்கிறவர்கள் மட்டுமல்ல, உங்களுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவர், சோப்பு அனுப்புபவர் என்று எவரிடமும் யாரும் அடைபட்டு, கட்டாயத்தின் பேரில் வேலை செய்யக் கூடாது. விசாரித்துச் சொல்லுங்கள்" என்று புது நிபந்தனை.

மாமனார் அன்றே விசாரித்துவிட்டார். டீ நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, "இங்க யாராவது அடிமையா இருக்கீங்களா? இருந்தா கையத் தூக்குங்க" என்றார்.

"இங்கயா, வீட்டுலயா முதலாளி?" என்று மாப் போடுகிற அம்மா ஒருத்தி கேட்க, சிரிப்பில் டீ சிந்தியது. விசாரணை முடிந்தது. அடிமைகள் இல்லை.

ஆனால் மறுநாளே வேன்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சலவை ஆலையில் மூட்டை இறக்கும்போது, எட்டாம் மேசையில் துணி மடிக்கிற பெண் ஜன்னல் வழியாக அரைகுறை வார்த்தையில் அவரிடம் பேசியிருக்கிறாள். "அண்ணா, என் கார்டு வாங்கிக் குடு. வீட்டுக்குப் போகணும்."

அவளுடைய அடையாள அட்டை ஆலை முதலாளியின் பீரோவில் இருக்கிறதாம். அவளுடையது மட்டுமல்ல, எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து அங்கே வேலை செய்கிற அத்தனை பெண்களுடையதும். கார்டு இல்லாமல் அவளால் பஸ் ஏற முடியாது, எல்லை தாண்ட முடியாது, கேட்டைக்கூடத் தாண்ட முடியாது.

ஆலை முதலாளி வேறு யாருமல்ல. மாமனாரின் சம்பந்தி. வீட்டின் கடைக்குட்டி, முப்பது வயதிலும் பாப்பா என்றே அழைக்கப்படுகிற நாத்தனாரின் மாமனார்.

இப்போது புரிகிறதா, வாய் ஏன் அடைபடவில்லை என்று?

*

வெள்ளிக்கிழமை காலை. பூதக்கண்ணாடி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, நானும் வேன்ல போறேன். போறதைச் சொல்ல வேண்டாம். உள்ளே எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்."

மாமனார் பேப்பரை இறக்கினார். "சொல்லாமயா? சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாம கொள்ளாமப் போய் நிக்கறதுக்கு நாம என்ன போலீஸா?"

"வீட்டுக்கு இல்ல மாமா, ஆலைக்கு."

"ரெண்டும் ஒரே காம்பவுண்டுதானே. அதெல்லாம் நேத்தே போன் பண்ணிட்டேன்."

பூதக்கண்ணாடிக்கு ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலும் இருந்தது. "என்னன்னு சொன்னீங்க?"

"இருக்கறதைத்தான் சொன்னேன். 'ஒண்ணுமில்ல சம்பந்தி, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. மருமக வந்து உங்க ஆளுங்கள்ல யாராவது அடிமையான்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுவா'ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். தங்கமான மனுஷன்."

இந்தக் குடும்பத்தில் நாலு தலைமுறையாக யாரும் யார் வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் போனதில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பூதக்கண்ணாடி வேனில் ஏறினாள்.

வேன்காரருக்குப் பயம் வந்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவது பழக்கம். இன்று தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே வண்டி அதிர்ந்தது.

"அதைக் கொஞ்சம் அணைங்க."

"நல்ல பாட்டு."

"விளம்பரம் ஓடுது."

அவர் அணைத்தார். "இங்க பாரு. பாத்தமா, வந்தமான்னு இருக்கணும். பாப்பா அங்க வாழறா."

"எட்டாம் மேசையும் அங்கதான் இருக்கா."

"அதான் சொல்றேன்" என்றார். எதைச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

*

ஆலை ஊருக்கு வெளியே, சுற்றுச்சுவர் தெரியும் முன்பே பிளீச்சிங் வாடை தெரிகிற இடம். கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். மற்ற நாளில் அவன் வேன்காரரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சம்பந்தி வாசலுக்கே வந்தார். மெலிந்த மனிதர், மெல்லிய குரல், சட்டைப்பையில் எப்போதும் மாத்திரை டப்பா. "வாம்மா வா. மாமனாருக்கு முழங்கால் எப்படி இருக்கு? நீ அடிமை பாக்க வர்றேன்னதும் முதல்ல இவளைத்தான் காட்டணும்னு நெனச்சேன்" என்று பின்னால் நின்ற பாப்பாவைக் காட்டிச் சிரித்தார். "உங்க வீட்டு மாப்பிள்ளை மெஷின் வாங்க வெளியூர் போயிட்டான். வீடு, ஆலை, என் மாத்திரை, எல்லாம் இவதான்."

பாப்பாவும் சிரித்தாள். "வாங்க அண்ணி."

வில்லனாக ஒரு வில்லன் கிடைத்திருந்தால் பூதக்கண்ணாடிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிடைத்ததோ முழங்காலை விசாரிக்கிறவர்.

மடிப்புக்கூடம் நீளமானது. ஆவி மேலே தேங்கி, டியூப் லைட்டைப் பால் வண்ணமாக்கியிருந்தது. மேசை மேசையாகப் பெண்கள், மேசைக்கு மேலே நம்பர். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. "மூணு, இந்த மூட்டையை எடு", "ஒன்பது, வேகம்" என்பதுதான் பேச்சு.

ஒவ்வொரு மேசையின் வலது ஓரத்திலும், பரீட்சை ஹாலில் ஹால் டிக்கெட் வைப்பார்களே, அப்படி ஒரு அடையாள அட்டை வைக்கப்பட்டிருந்தது.

"பாத்தியாம்மா? அவங்கவங்க கார்டு அவங்கவங்ககிட்ட. உன் வீட்டுக்காரன்கிட்ட யாரோ என்னமோ சொன்னாங்களாமே?"

அதையும் மாமனார் போனில் சொல்லியிருக்கிறார்! பூதக்கண்ணாடி மேசைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி அட்டையை டவலால் துடைத்துத் துடைத்து வைத்தாள். இன்னொருத்தி மடிப்பை நிறுத்திவிட்டுத் தன் போட்டோவையே பார்த்தாள், யாரோ தெரிந்தவளைப் பார்க்கிற மாதிரி. தினமும் கையில் இருக்கிற அட்டையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

"இவங்ககிட்ட ஒண்ணு ரெண்டு கேக்கலாமா மாமா?"

"தாராளமா. நம்ம பேச்சு இதுகளுக்கு வராது. நான் சொல்றேன்."

"இஷ்டப்பட்டுத்தான் இங்க வேலை செய்யறாங்களா?"

சம்பந்தி அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னார். முழு வரிசையும் ஒரே நேரத்தில் தலையாட்டியது.

"லீவு நாள்ல வெளிய போவாங்களா?"

"போவாங்க. நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போய், எண்ணிக் கூட்டிட்டு வந்துடுவோம். புது இடம், வழி தவறிடக் கூடாது பாரு."

"யாராவது நடுவுல ஊருக்குப் போகணும்னா?"

இதை அவர் மொழிபெயர்க்கவில்லை. தானே பதில் சொன்னார். "போறவங்க எதுக்கும்மா வரணும்? ஒப்பந்தம் முடியட்டும், நானே டிக்கெட் எடுத்துக் குடுப்பேன்."

எட்டாம் மேசைக்காரி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் புரியும் என்பது கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

*

பூதக்கண்ணாடி பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். சம்பந்தி நாகரிகமான மனிதர், அங்கேயாவது கூட வரவில்லை.

கதவை மூடப் போனவள் நின்றாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வெளிப்பக்கம் இருந்தது.

வாளியும் துடைப்பமுமாக எட்டாம் மேசைக்காரி பின்னாலேயே வந்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் வாளியில் அறைந்தது.

"அக்கா. கார்டு இன்னைக்கு மட்டும். நீ போனா, திரும்ப வாங்கிடுவாங்க."

"எப்ப குடுத்தாங்க?"

"காலையில. நீ வர்றேன்னு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள், வார்த்தைகளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "எங்க அம்மா செத்துப் போச்சு. பொண்ணு சின்னது. இப்ப பக்கத்து வீட்டுல. அவங்க எத்தனை நாள் வச்சுப்பாங்க? நான் கேட்டேன். ஒப்பந்தம்னு சொன்னாங்க."

"நான் பேசறேன்."

"பேச வேணாம்." பூதக்கண்ணாடியின் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சலவைச் சோடாவில் ஊறி வெளுத்துச் சொரசொரவென்று இருந்தது. "இப்ப கூட்டிட்டுப் போ. உன் வண்டியில. இப்ப கார்டு இருக்கு."

வெளியே யாரோ "எட்டு!" என்றார்கள். அவள் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

*

பின்பக்கம் வேன்காரர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பூதக்கண்ணாடி சொன்னதைக் கேட்டு ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாட்ச்மேன் ஒவ்வொரு மூட்டையையும் கம்பால குத்திப் பாத்துதான் விடுவான். டவல் திருட்டுப் போகுதாம்."

"முன் சீட்டுல உக்கார வச்சுக்கிட்டா?"

"கேட்டைத் திறக்கணும்ல? சரி, நான் முட்டிக்கிட்டே போறேன்னு வை. பாப்பாவை என்ன பண்ணுவே? அவளையும் ஏத்திக்கிட்டா போக முடியும்?" கோபமில்லை அவர் குரலில், நிஜமாகவே கேட்டார்.

மூட்டைகளுக்கு நடுவில் நின்று தொழிலாளர் ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"சம்பந்தப்பட்டவங்க நேர்ல வந்து புகார் குடுக்கணும்."

"அவங்களால வெளிய வர முடியலைங்கறதுதான் சார் புகாரே."

"புரியுதும்மா. வந்து குடுத்தாத்தான் எடுத்துக்க முடியும். ஆபீசர் வேற கெளம்பிட்டார். திங்கக்கிழமை வாங்க, கூட ஆள் அனுப்பலாமான்னு பாக்கறோம்."

அடுத்து ஆஸ்பத்திரி. நிபந்தனை அனுப்பிய மேடத்துக்குத் தேன் தடவிய குரல்.

"ரொம்ப நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க! இந்த மாதிரி யாருமே போய்ப் பாக்கறதில்ல. அந்த ஆலையை உடனே நிறுத்திடுங்க. நிறுத்திட்டோம்னு ஒரு வரி அனுப்பிடுங்க, போதும்."

"அங்க இருக்கறவங்க மேடம்?"

"யாரு?"

"உள்ள இருக்கற பெண்கள்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "நீங்க நிறுத்திட்டீங்கன்னா அவங்க உங்களுக்கு வேலை செய்யறவங்க இல்லையே. அப்புறம் அது நம்ம கணக்குல வராது."

பூதக்கண்ணாடி நன்றி சொல்லி வைத்தாள். நன்றி சொல்வதும் இந்தக் குடும்பத்துப் பழக்கம்தான்.

ஒன்று மட்டும் புரிந்தது. தான் இங்கே இருக்கிற வரைக்கும் கார்டு மேசையில் இருக்கும். எனவே இருக்கத் தொடங்கினாள். டீ கொடுத்தார்கள், குடித்தாள். இன்னொன்று கேட்டாள். பாய்லரைப் பார்க்க வேண்டும் என்றாள். டவல் மடிப்பு சரியில்லை என்று ஒரு கட்டைப் பிரித்து மடிக்கச் சொன்னாள். பிறகு முன்பு இருந்ததே தேவலாம் என்று திரும்ப மடிக்கச் சொன்னாள். ஐந்தாம் மேசைக்காரி பார்த்த பார்வையை அவள் இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை. விடுவிக்க வந்தவள் வேலையை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

*

வெயில் சாயும்போது பாப்பா அவளை ஆபீஸ் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மூலையில் அந்தப் பச்சை பீரோ.

"அண்ணி, எப்ப கெளம்பறீங்க?"

"ஏன், தொரத்தறியா?"

"நீங்க இருக்கற வரைக்கும் ஷிஃப்ட்டை முடிக்க மாட்டாங்க. பாவம், அவங்களுக்கு இடுப்பு உடையுது."

பூதக்கண்ணாடி உட்கார்ந்தாள். "உனக்குத் தெரியும், இல்ல?"

பாப்பா கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு. காலையில நான்தான் எடுத்து மேசை மேசையா வச்சேன். நீங்க போனதும் நான்தான் பொறுக்கி உள்ள வைக்கணும்."

"நீ எதுவும் கேக்கலியா?"

"ஒரு தடவ கேட்டேன். கத்தக்கூட இல்ல. 'உங்க வீட்டுல குடுக்கற ரேட்டுக்கு வேற எப்படிம்மா வெளுக்கறது? போன வருஷம் அதையும் கொறச்சாங்களே'ன்னார்."

போன வருஷம் குறைத்தது யார்? பூதக்கண்ணாடிதான். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிப் பேசிக் குறைத்ததை மாமனார் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆலையின் கணக்கை அன்று அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். எண்கள் தெரிந்தன.

"பாப்பா, ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தச் சாவியைத் தொலைச்சிட்டேன்னு சொல்லேன்."

பாப்பா சிரித்தாள். "என் கார்டும் அதுலதான் அண்ணி இருக்கு."

"என்னது?"

"கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கி வச்சார். பத்திரமா இருக்கட்டும்னு. நானும் எங்க போகப் போறேன்?" சாவிக்கொத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இருட்டறதுக்குள்ள கெளம்புங்க. அண்ணாவுக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியாது."

பாப்பாவைப் பற்றி இத்தனை அத்தியாயங்களாக எவ்வளவு வம்பு பேசியிருக்கிறோம்! புடவை எத்தனை, வளையல் எத்தனை என்பது வரை. இது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

*

கிளம்பும்போது பூதக்கண்ணாடி கூடத்தை ஒருமுறை சுற்றினாள். எட்டாம் மேசையில் நின்று டவலைத் தடவிப் பார்ப்பது போல் குனிந்தாள்.

"கார்டைக் குடுக்காதீங்க. ஒளிச்சு வைங்க. திங்கக்கிழமை ஆபீசரோட வரேன்."

எட்டாம் மேசைக்காரி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அட்டைமேல் ஒரு டவல் விழுந்தது. டவல் எழுந்தபோது அட்டை இல்லை.

கேட்டில் வாட்ச்மேன் மூட்டைகளைக் கம்பால் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டாள், உள்ளே துணி மட்டும்தான் என்று தெரிந்தும்.

ரோட்டுக்கு வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் திரும்பியது. நடந்ததைச் சொன்னாள். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தாள். பாதி தூரம் வரை வேன்காரர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"அங்க டவலைக்கூட எண்ணித்தானே வைப்பாங்க?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"கார்டை எண்ண மாட்டாங்களா?"

உலகத்துப் பொடி எழுத்தையெல்லாம் படிக்கிறவளுக்கு இந்தப் பெரிய எழுத்து எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று!

"வண்டியைத் திருப்புங்க."

"திருப்பிட்டு? போய் என்னன்னு சொல்றது?"

வண்டி திரும்பவில்லை. வேகமாகவும் போகவில்லை. ரேடியோவின் பக்கம் போன அவர் கை, தொடாமல் திரும்பி வந்தது.

*

வீட்டு வாசலில் இறங்கும்போதே போன் அடித்தது. பாப்பா.

"அண்ணி, ஒரு கார்டு குறையுது."

பாப்பாவின் குரலுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மெஷின்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

"யாரையும் அறைக்கு அனுப்பல, சாப்பிட விடல. எல்லாரையும் நிக்க வச்சு மேசை மேசையா உதறிட்டு இருக்காங்க. இப்ப ஆறாம் மேசை." பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "மேசையில கிடைக்கலைன்னா ஒவ்வொருத்தியா உள்ள கூப்பிட்டுத் தடவிப் பாக்கப் போறாங்க. போன தடவ இப்படி ஆனப்போ, அந்தப் பொண்ணை, ஆள் பிடிச்சுக் குடுக்கற ஏஜென்ட் வந்து வேற எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டான். எங்கன்னு இன்னி வரைக்கும் தெரியாது. அண்ணி, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வாசலில் மாமனார் பேப்பருக்குப் பதிலாக விசிறியோடு உட்கார்ந்திருந்தார். "பாப்பாவா? சம்பந்திக்கு நன்றி சொல்லச் சொல்லு. நல்லா கவனிச்சாராமே?"

"ஏழாம் மேசை" என்றாள் பாப்பா.

"என்கிட்ட இருக்கு" என்றாள் பூதக்கண்ணாடி.

"என்ன?"

"எட்டாம் மேசை கார்டு. பாக்கறேன்னு எடுத்தேன். ஞாபகமில்லாம கைப்பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

வேன்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே பாப்பா கண்டுபிடித்துச் சிரித்த விஷயம் அது.

"சரி அண்ணி" என்றாள் பாப்பா. பிறகு போனை விலக்கிக்கொண்டு, கூடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி: "மாமா, கிடைச்சிடுச்சு! அண்ணிகிட்ட இருக்காம். தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."

காலடிச் சத்தம். போன் கை மாறியது.

"என்னம்மா, கார்டைத் திருடிட்டுப் போயிட்டியாமே!" சம்பந்தி சிரித்தார். மாத்திரை டப்பா குலுங்குவதுகூடக் கேட்டது. "பரவாயில்ல, பரவாயில்ல."

"நாளைக்கு வேன்ல குடுத்து அனுப்பறேன் மாமா."

"எதுக்கும்மா சிரமம்? நானே கெளம்பிட்டேன். சம்பந்தியைப் பாத்தும் நாளாச்சு. உன் நாத்தனாரையும் கூட்டிட்டு வரேன்." குரல் மாறவில்லை, அதே மென்மை. "எட்டாம் மேசையையும் கூட்டிட்டு வரேன். நீ எடுத்ததை நீயே அவ கையில குடுத்துடு. பின்னால யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல வேணாம் பாரு."

போன் நின்றுவிட்டது.

"யாரு, சம்பந்தியா? வர்றாரா?" மாமனார் எழுந்தேவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "போன் பண்ணிச் சொல்லிட்டு வர்றார் பாத்தியா? அதுதான் மனுஷன்!" உள்ளே போய் நல்ல நாற்காலிகளாகப் பார்த்துத் தூக்கிவந்தார். ஒன்றைப் போட்டார். இரண்டாவதைப் போட்டார். "பாப்பாவும் வர்றாளா?"

"மூணு பேர் மாமா."

மூன்றாவதையும் கொண்டுவந்து வைத்தவர், மருமகளைப் பார்த்தார். "மூணாவது யாரு?"

"எட்டாம் மே..." என்று தொடங்கி நிறுத்தினாள். "அங்க வேலை செய்யற பொண்ணு."

"அட, அதுவா" என்றார் மாமனார். "அது வண்டியிலயே உக்காந்திருக்கும்மா." மூன்றாவது நாற்காலியைத் தூக்கி, கதவில் இடிக்காமல் பதமாகச் சாய்த்து, உள்ளே கொண்டுபோனார்.

அரை மணி கழித்து, தெருமுனையில் ஒரு காரின் விளக்கு திரும்பியது.